கடைசிப் பகுதிக்கு மறுநாள்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று: சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோனவர் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், தம் இரத்தத்தை ஒரு கருவிக்குள் அனுப்பிக் கழுவித் திரும்பப் பெற்றாக வேண்டும்; அந்த நேரத்தில் ஊசி ஏற்றிய கையை மடக்கக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது; படுத்தவாறே பார்ப்பதும் பேசுவதும் நினைப்பதும் தவிர அவருக்கு வேறு தொழிலில்லை. இரண்டு: ‘பன்னிரண்டாம் கோப்பு’ என்னும் தொலைக்காட்சித் தொடர், திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஏழரைக்கு, ஒன்பது ஆண்டுகள் ஓடியது. பாறைக்குழித் தண்ணீரில் மிதந்த கனகம் என்ற பள்ளி ஆசிரியையைக் கொன்றவர் யார் என்பது ஒன்றே அதன் கேள்வி. நேற்று, வெள்ளிக்கிழமை, அது நிறைவுற்றது. நிறைவுக் காட்சியில் ஆய்வாளர் மதுரவல்லி கொலையாளியின் பெயரைக் கோப்பில் எழுதுகிறாள். எழுதுகின்ற கை தெரிகிறது, எழுதப்பட்ட பெயர் தெரியவில்லை. கோப்பை மூடி, விளக்கை அணைத்து, வெளியே போய்விடுகிறாள். மூன்று: ஈரோட்டில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்துவரும் தெய்வானை, வயது நாற்பத்தெட்டு, கணவனை இழந்தவள், பிள்ளையில்லாதவள். அவளுக்குச் சிறுநீரகம் தர முன்வந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர், தம்பி தண்டபாணி. சோதனைகள் எல்லாம் பொருந்திவிட்டன. தம்பியும் அவன் மனைவி பூங்கொடியும் நேரில் வந்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவது மட்டுமே மீதி. அதற்குக் கடைசி நேரம் இந்தச் சனிக்கிழமை பகல் ஒரு மணி. தவறினால் சோதனை முடிவுகள் காலாவதியாகும்; “மறுபடி மொதல்ல இருந்து ஆரமிக்கணுமுங்க. ஆரமிப்பாங்களான்னு நீங்களே யோசிச்சுக்குங்க” என்று மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர் சென்ற வாரமே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணி ஐந்துக்கு, இரத்தம் கழுவும் அறையில், ஜெசிந்தா தெய்வானையின் கையில் இரண்டாவது ஊசியையும் ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டினாள். சிவப்புக் குழாய் வெளியே போவது, நீலக் குழாய் உள்ளே வருவது. மூன்றரை ஆண்டுகளாகப் பார்த்தும், போவது தன்னுடையதுதான், வருவதும் அதுவேதான் என்று தெய்வானை ஒவ்வொரு முறையும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. உடம்பில் தங்கிய நீரால் எடை இரண்டு கிலோ நானூறு கூடியிருக்கிறது என்றாள் ஜெசிந்தா, நேத்து தண்ணி குடிச்சீங்களா அக்கா என்றாள், குடித்தேன் என்று தெய்வானை ஒப்புக்கொண்டாள், தொடர் முடிந்தபிறகு ஒரு டம்ளர், எட்டு மணிக்கு ஒரு டம்ளர், எட்டரைக்கு ஒரு டம்ளர். எட்டு மணிக்கு ஏன் என்று ஜெசிந்தா கேட்கவில்லை. எட்டு மணி இரண்டு நிமிடத்துக்குப் பூங்கொடி அழைப்பாள்; ஆறு ஆண்டுகளாக, திங்கள் முதல் வெள்ளி வரை, தொடர் முடிந்து, பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு, பாத்தீங்களா அண்ணி என்று தொடங்குவாள். நேற்று அழைக்கவில்லை. எந்த இடத்தில் படுத்தாலும் தெய்வானைக்கு முதலில் நான்கெல்லை வேண்டும், அது தொழில் தந்த வழக்கம்: கிழக்கே நாச்சிமுத்துவின் படுக்கையும் அதற்கப்பால் ஜன்னலும், மேற்கே மெஹருன்னிசாவின் படுக்கை, வடக்கே தொலைக்காட்சி மாட்டிய சுவர், தெற்கே கதவு, இவற்றுக்குட்பட்ட ஆறரையடி நீளம் மூன்றடி அகலம், அதில் இடப்பக்கம் மடக்கக் கூடாத கை, வலப்பக்கம் தலையணைக்கடியில் கைப்பேசி. கைப்பேசி ஒலிக்கவில்லை. நேற்று அழைக்காததற்குக் காரணங்கள் பல இருக்கலாம், அவற்றைப் பிரிவு பிரிவாக எழுதலாம். அ, குழந்தை சுவாதிக்குக் காய்ச்சல். ஆ, சென்னிமலையில் மின்தடை, ஆகவே பார்க்கவே இல்லை. இ, பார்த்தாள், கோபத்தில் பேச மனமில்லை. ஈ என்று ஒன்று உண்டு. ஈ-யை எழுதாமல் மீண்டும் அ-வுக்குப் போனாள். காய்ச்சல் என்றால் வியாழக்கிழமையே சொல்லியிருப்பாள், பூங்கொடி தும்மலைக்கூடச் சொல்கிறவள். கையின் உள்ளே, சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்த இடத்தில், வண்டு ஒன்று அடைபட்டதுபோல ஒரு ரீங்காரம் எப்போதும் உண்டு. அது நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே அவள் வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்து, ஓடுகிறது, ஓடுகிறது என்று சரிபார்த்துக்கொண்டு, ஓடுகின்ற வரைக்கும் பயமில்லை என்று நினைத்து, நினைத்தவுடனே பயந்தாள்.

“அம்மிணி, நீ சொல்லு” என்றார் நாச்சிமுத்து. அரசுப் பேருந்தில் முப்பத்தோராண்டு நடத்துநராக இருந்தவர். படுக்கையில் கிடந்தும் கடைசி இருக்கைக்குக் கேட்கும்படிதான் பேசுவார். “ஒம்போது வருசம் ஓட்டுன வண்டிய, ஸ்டாப்பே இல்லாத எடத்துல நிறுத்திப்போட்டு, எறங்கு எறங்குன்னா, எங்க எறங்கறது?”

“எறங்காதீங்க கண்டக்டரய்யா, டிப்போவுக்கே போயிருங்க” என்றாள் மெஹருன்னிசா. ரவிக்கை தைக்கிறவள், முப்பத்தொரு வயது, இந்த அறையிலேயே இளையவள். ஊசியில்லாத கையால் கைப்பேசியைத் தள்ளித் தள்ளி, தொடரின் பக்கத்தில் மக்கள் எழுதியிருப்பதைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். “கேளுங்க. ‘எங்கம்மா போன மாசம் இறந்துட்டாங்க. கடைசி நாள் வரைக்கும் யாருடா கொன்னதுன்னு கேட்டாங்க. இப்ப நான் போட்டோ முன்னாடி நின்னு என்ன சொல்றது?’ இதுக்கு மட்டும் நாலாயிரம் பேரு அழுகற பொம்மை போட்டிருக்காங்க.”

“பாவம்.”

“இன்னொருத்தரு, ‘பேனா பதினோரு தடவ மேல போய்க் கீழ வந்துச்சு, ஸ்லோவா ஓடவிட்டுப் பாத்தேன், அது டிரைவர் பேருதான்’ங்கறாரு. அதுக்குக் கீழயே ஒரு பொம்பள, ‘உங்களுக்கு வேற வேலையே இல்லையாண்ணா’ன்னு கேட்டிருக்கு. அதுக்கு அவரு, ‘இல்லைமா, ரிட்டயர்டு’.”

நாச்சிமுத்து சிரித்தார், சிரித்ததில் கை அசைந்து கருவி கத்தியது, ஜெசிந்தா வந்து பொத்தானை அழுத்திவிட்டு, “கண்டக்டர் சார், சிரிச்சா ரெண்டு மணி நேரம் சேத்துப் போட்ருவேன்” என்று மிரட்டிவிட்டுப் போனாள். அவள் தொழில்நுட்பர்தான், ஆனால் எல்லோருக்கும் சிஸ்டர்.

“‘இதுதான் கலை, வாழ்க்கையில் எல்லாக் கேள்விக்கும் விடை இருக்கிறதா’ன்னு ஒருத்தரு எழுதியிருக்காரு” என்று மேலே படித்தாள் மெஹருன்னிசா.

“அவன் எந்த ஊர்க்காரன்னு பாரு. வாழ்க்கைல இல்லைன்னுதானய்யா டிவியப் போட்டோம்.”

தெய்வானை சிரித்தாள், எல்லோரும் சிரித்தபோது சிரித்தாள், சிரிப்புக்கு நடுவில் மணி எட்டு ஐம்பது என்பதைப் பார்த்தாள். சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம், தம்பியின் வண்டியில் நாற்பது நிமிடம், பூங்கொடி பின்னால் உட்கார்ந்தால் ஐம்பது, அவள் வேகமாக ஓட்டவிடமாட்டாள். பத்தரைக்குப் புறப்பட்டாலும் போதும். பதினொன்றுக்குப் புறப்பட்டாலும் போதும். பன்னிரண்டுக்குப் புறப்பட்டாலும்கூட, பெருந்துறைச் சாலையில் நெரிசல் இல்லாவிட்டால், பன்னிரண்டு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம். பத்திரப் பதிவில் எத்தனையோ பேர் அப்படிக் கடைசி நிமிடத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கைநாட்டு வைத்திருக்கிறார்கள், அதனால் அந்தப் பத்திரம் செல்லாமற்போனதில்லை. எட்டு மாதத்துக்கு முன்பு அவன் இதே கட்டிலருகில் நின்று, எனக்கு ரெண்டு இருக்குதுக்கா, ஒண்ணு உனக்கு, என்று சொன்னான். நாற்பத்திரண்டு வயது ஆண், பெட்ஷீட் கடைக்காரன், பத்துப் பைசா மிட்டாயைக் கடித்துப் பாதி கொடுப்பவனைப்போலச் சொன்னான். பூங்கொடி கால்மாட்டில் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள். மூன்று முறை. தெய்வானை அதைப் பார்த்தாள். பார்த்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல், அன்று முதல் இன்று வரை, பார்க்காத இடத்தில் வைத்திருக்கிறாள். பூங்கொடியின் தரப்பை எழுதச் சொன்னால் பூங்கொடியைவிடச் சுத்தமாகத் தெய்வானையே எழுதித் தருவாள்: கணவன் மூட்டை தூக்குகிறவன், பெண்குழந்தைக்கு வயது எட்டு, அவனுக்கு ஒன்று என்றால் எங்களுக்கு வேறு நாதியில்லை, உங்களுக்கோ வயது நாற்பத்தெட்டாகிவிட்டது, உங்களை நம்பி ஒருவரும் இல்லை. இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தாள். அதுதான் எல்லாவற்றிலும் உண்மை.

இந்தப் பூங்கொடி கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனாரிடம் நாலு வார்த்தை பேசாதவள். கல்யாணத்தில் சீர்வரிசைத் தட்டு ஒன்று யார் கையில் முதலில் போயிற்று என்று ஏதோ ஒரு சங்கடம், அது இரண்டு பேருக்குமே மறந்துபோய், சங்கடம் மட்டும் மறக்காமல் இருந்தது. பிறகு ஒருநாள், தெய்வானையின் கணவர் இறந்த ஆண்டு, துக்கம் கேட்க வந்த பூங்கொடி பேச ஒன்றுமில்லாமல் தொலைக்காட்சியைப் பார்த்து, அண்ணி, இந்தப் போலீஸ்காரிச்சி கதை நீங்களும் பாக்கறீங்களா என்று கேட்டாள். அவ்வளவுதான். அதன்பின் ஆறு ஆண்டுகள். கனகத்தின் கணவன் வேறு பெயரில் திரும்பி வந்த பகுதி, சாட்சி சொல்ல வந்தவள் நீதிமன்றப் படியிலேயே மயங்கி விழுந்த பகுதி, ஒரு செருப்பு கிடைத்த பகுதி, அந்தச் செருப்பு அவளுடையது இல்லை என்று தெரிந்த பகுதி. அந்தப் பகுதிகளுக்கு நடுவில்தான் சுவாதி பள்ளிக்கூடம் சேர்ந்ததும், தறி விற்றதும், தெய்வானையின் முகம் முதன்முதலாக வீங்கியதும் சொல்லப்பட்டன. கொலையில்லாத நாளில் அவர்கள் பேசியதே இல்லை. சனி ஞாயிறு பேசியதில்லை. இன்று சனிக்கிழமை, பேச வேண்டிய நாளே அல்ல, ஆகவே கைப்பேசி ஒலிக்காதது வழக்கத்துக்கு மாறானதும் அல்ல. ஆனால் நேற்று. நேற்று ஒன்றுதான். ஒன்பது ஆண்டின் கடைசி நாள், அதைப்பற்றிப் பேசாமல் பூங்கொடியால் படுத்துத் தூங்க முடிந்தது என்றால், அதைவிடப் பெரியது ஒன்று அவள் வீட்டில் பேசப்பட்டிருக்கிறது.

பத்து மணிக்கு நாச்சிமுத்து பெட்டியை எடுக்கச் சொன்னார். இந்த அறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவர் பத்து முறை இரத்தம் சுத்தம் செய்துகொண்டபின், எடை எழுதித் தரும் சீட்டின் பின்புறத்தில் கனகத்தைக் கொன்றவர் பெயரை எழுதி, மடித்து, ஒரு காலி அட்டைப்பெட்டியில் போட வேண்டும். கொலையாளி தெரிகின்ற அன்று பெட்டியைத் திறந்து, சரியாக எழுதியவருக்கு ஜன்னலோரப் படுக்கையைக் கொடுக்க வேண்டும். தொடங்கிவைத்தவர் இப்போது இல்லை. பெட்டி தெய்வானையின் பொறுப்பில் இருந்தது, ஏனென்றால் எதையும் தொலைக்காதவள் என்று பெயர் வாங்கியவள் அவள். உள்ளே இருபத்தாறு சீட்டுகள். எழுதியவர்களில் இருப்பவர் ஏழு பேர். இறந்தவர்கள் சீட்டை எடுத்துவிடலாமே என்று ஜெசிந்தா ஒருமுறை கேட்டதற்கு, ஆள் இறந்தால் எழுத்து செல்லாமல் போகாது சிஸ்டர், உயில் அதற்கப்புறம்தானே செல்லுபடியாகிறது என்று தெய்வானை சொல்லியிருந்தாள். சொன்னபோது அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

“யாருன்னே சொல்லலையே, எதை வெச்சுங்க ஜன்னலக் குடுக்கறது?” என்றாள் மெஹருன்னிசா.

“அதிகமா யாரு பேரு வருதோ அவன்தான் கொலகாரன். டைரக்டரு சொல்லலைன்னா நாம சொல்லிப்போடலாம். எத்தன நாளைக்குத்தான் ஒரு கொலைய வெச்சுக்கிட்டே கெடக்கறது?”

ஜெசிந்தா படித்தாள். பாறைக்குழி முதலாளி. முதலாளியின் டிரைவர். கணவன். கணவன். டிரைவர். மதுரவல்லியே. கணவன். தலைமையாசிரியர். ஒவ்வொரு சீட்டின் மறுபக்கத்திலும் ஓர் எடை இருந்தது, நாற்பத்தொன்பது எழுநூறு, அறுபத்திரண்டு இருநூறு, முப்பத்தெட்டு. தெய்வானைக்கு அந்தக் கையெழுத்துகள் தெரியும், வளைவும் சுழியும் தெரியும், கிறுக்கலாக ‘டிரைவர்’ என்று எழுதியவர் ஒரு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஆகாது என்று சொல்லியும் இளநீர் குடித்து, இறந்துபோனார், ‘தலைமையாசிரியர்’ என்று முத்துமுத்தாக எழுதியவளுக்கு அவளுடைய அம்மா சிறுநீரகம் கொடுத்து அது ஏழு மாதம் ஓடியது. முப்பத்தெட்டு கிலோ எடையுள்ள ஒருவர், யாரோ ஒருத்தியைக் கொன்றது யாரென்று யோசித்து, பேனா கேட்டு வாங்கி, எழுதி, மடித்திருக்கிறார். தெரிந்துகொள்ளும் வரை இருப்போம் என்று எண்ணாமல் ஒருவர் இதை எழுதியிருக்க முடியுமா. தன் கால்கள் குளிர்கின்றன என்று தெய்வானை உணர்ந்தாள். கருவி எடுக்கின்ற நீர் கூடிவிட்டது, கெண்டைக்காலில் நரம்பு இழுக்கத் தொடங்கும் முன்பு வருகின்ற குளிர் அது. சொல்ல வேண்டும். சொன்னால் ஜெசிந்தா படிப்பதை நிறுத்திவிடுவாள். கட்டைவிரலை மடக்கிப் பாதத்தைத் தானே அழுத்திக்கொண்டாள்.

“இதுல ஒண்ணுமே இல்ல” என்றாள் ஜெசிந்தா. திருப்பிப் பார்த்தாள். “எடை மட்டுந்தான் இருக்குது. அம்பத்தொண்ணு நூறு.”

“அந்தாளுக்குத்தான் ஜன்னல்” என்றார் நாச்சிமுத்து. “டைரக்டரு எழுதுனதும் இதேதான. யாருடையது?”

போய்ச்சேர்ந்தவர் யாரோ என்று மெஹருன்னிசா மெல்லச் சொன்னாள், அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். அது தெய்வானையின் சீட்டு. மூன்றரை ஆண்டுக்கு முன் அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கால்மணி நேரம் யோசித்தாள். நிரூபிக்கப்படாமல் ஒருவர் பெயரை எழுதுவது அவள் தொழிலில் இல்லாத காரியம். வெறுஞ்சீட்டை மடித்துப் போட்டாள். இப்போது என்னுடையது என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தன்னையே கேட்டு, சொல்லாதது பெரிய குற்றமில்லை என்று தானே விடையும் அளித்து, அந்த விடையின் வழவழப்பைக் கண்டு திகைத்தாள். எத்தனை எளிதாக இருக்கிறது. கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிடுவதும், சொன்னால் கேட்கலாம் என்று இருந்துவிடுவதும்.

பதினொரு மணிக்குச் சுவரில் மறு ஒளிபரப்பு தொடங்கியது. நேற்றே பார்த்தவர்கள் எல்லோரும் இன்றும் பார்த்தார்கள், முதல்முறை தவறவிட்டது ஏதோ இருக்கும் என்பதுபோல. நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதினொன்று பன்னிரண்டுக்குத் தலையணை அதிர்ந்தது. பூங்கொடி.

ஒலிக்கட்டும் என்று இரண்டு ஒலிவரை விட்டாள். எடுக்காதவரைக்கும் அவர்கள் வண்டியில் வந்துகொண்டிருக்கிறார்கள். பெருந்துறைச் சாலையில் ஓரமாக நிறுத்தி, எந்த மாடி அண்ணி என்று கேட்பதற்காக அழைக்கிறாள். மூன்றாவது ஒலியில் எடுத்தாள்.

“அண்ணி, மெசின்ல இருக்கீங்களா? பேசலாமுங்களா?”

“பேசு கண்ணு.”

பின்னால் குழாய் தண்ணீர் விழும் சத்தம். பாத்திரம். சென்னிமலை வீட்டுப் பின்கட்டுக் குழாய், அதன் அடியில் ஈயவாளி, அந்த வாளியின் சத்தம் தெய்வானைக்குத் தெரியும். வண்டி இல்லை, சாலை இல்லை.

“நேத்துப் பாத்தீங்களா?” என்றாள் பூங்கொடி.

“பாத்தேன்.”

“எனக்குச் சோறே எறங்கலைங்க அண்ணி. அதான் நேத்துக் கூப்புடலை. என்ன பேசறதுன்னே தெரியலை.”

“எனக்குந்தான்.”

“நீங்க சாப்ட்டீங்களா?”

“ரெண்டு இட்லி.” பிறகு, மிகச் சாதாரணமாக, குரல் எங்கும் தட்டாமல், “தம்பி எங்க?” என்றாள்.

“அவரு வெள்ளென கடைக்குப் போயிட்டாருங்க அண்ணி.”

அவ்வளவுதான். இதைவிடக் குறைவாக ஒரு மனிதனைப் பற்றிச் சொல்ல முடியாது. வெள்ளெனவே கடைக்குப் போயிருக்கிறான். மனைவி பின்கட்டில் பாத்திரம் துலக்குகிறாள். மணி பதினொன்று பதினான்கு. இனி ஒரு வாக்கியம் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டியவள் தெய்வானை. ‘ஒரு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடோணும் கண்ணு, வர்றீங்களா இல்லையா?’ எழுவாய் பயனிலை எல்லாம் சரியாக அமைந்த வாக்கியம், எட்டு நாளாக நெஞ்சில் தட்டச்சாகி, திருத்தப்பட்டு, படியெடுக்கப்பட்டு நிற்கிறது. கேட்டால் பூங்கொடி ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். வருகிறோம் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, வண்டியில் ஐம்பது நிமிடம்தான். வரமாட்டோம் என்றால் அந்தச் சொல் பதிவாகிவிடும். பதிவான பத்திரத்தைக் கிழித்தாலும் நகல் அங்கே இருக்கும். அதன்பின் திங்கட்கிழமை மாலை எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு யார் யாரை அழைப்பது, தம்பி எந்த முகத்தோடு வந்து கால்மாட்டில் நிற்பது, சுவாதி பொங்கலுக்கு யார் வீட்டுக்கு வந்து பாவாடை வாங்கிக்கொள்வது. கேட்காவிட்டால் தம்பி இருக்கிறான். கேட்டால் சிறுநீரகம் கிடைக்கலாம், கிடைக்காவிட்டால் தம்பியும் இல்லை. இரண்டையும் எடைபோடுவதற்கு அவளுக்கு எவ்வளவு நேரம் இருந்தது? குழாயில் ஒரு குடம் நிறைகின்ற நேரம். தண்ணீர் விழும் சத்தம் நின்றது. பூங்கொடி குழாயை மூடிவிட்டாள். அவளும் காத்திருக்கிறாள் என்று தெய்வானைக்குத் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, ஈரக்கையோடு, அந்த வாக்கியத்துக்காக அங்கே நின்றுகொண்டிருக்கிறாள், அவளும் எட்டு நாளாக ஒரு விடையை எழுதி எழுதி அடித்திருப்பாள். தெய்வானை வாயைத் திறந்தாள்.

“நீ யாருன்னு நெனச்ச கண்ணு?” என்றாள்.

“எதுங்க அண்ணி?”

“கனகத்தக் கொன்னது.”

மறுமுனையில் மூச்சு வெளியே வந்தது. வந்த மூச்சோடு பேச்சும் வந்தது, அணை திறந்ததுபோல வந்தது: “நான் மொதல்ல இருந்து புருசன்னுதானுங்க சொன்னேன், நீங்கதான் இல்ல இல்லன்னீங்க, அந்தச் செருப்பு கெடச்சப்பவே எனக்குத் தெரியுமுங்க, அப்புறம் எதுக்கு அந்த டிரைவர அத்தன நாளு காட்டுனான், நம்பள எல்லாம் முட்டாளுன்னு நெனச்சானுங்களா, சுவாதி என் வவுத்துல இருக்கறப்ப ஆரமிச்சது, இப்ப அவளே கேக்கறா, யாரும்மா கொன்னதுன்னு, நான் என்னத்தங்க அண்ணி சொல்றது—” மூக்கை உறிஞ்சினாள்.

“அழுகறயா?”

“இல்லைங்க. கோவமுங்க. ஒம்போது வருசமா வருது வருதுன்னு நம்ப வெச்சு, கடைசீல இப்படிப் பண்ணலாமுங்களா? ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமில்லைங்க?”

“ஒரு கதைக்குப் போயி” என்றாள் தெய்வானை. “விடு. கண்ணத் தொடச்சுக்க. போயிச் சாப்புடு.”

“சாப்பிடறனுங்க அண்ணி.”

“திங்கக்கெழம புதுசா ஒண்ணு ஆரமிக்குதாம். டாக்டர் கதையாம்.”

“பாக்கலாமுங்க” என்றாள் பூங்கொடி, அழுகையோடு. பிறகு, “நீங்களும் பாருங்க” என்றாள்.

கைப்பேசியை வயிற்றின்மேல் வைத்தபோதுதான் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. இந்தமுறை சொன்னாள், ஜெசிந்தா ஓடிவந்து பாதத்தை இரண்டு கையாலும் மேல்நோக்கித் தள்ளினாள், முதல்லயே சொல்றதுக்கென்னக்கா என்று திட்டினாள். வலி எலும்பைச் சுற்றிக் கயிறுபோல ஏறியது, அதில் ஒரு நிம்மதி இருந்தது, கத்தலாம், காரணம் கேட்கமாட்டார்கள். சுவரில் மதுரவல்லி கோப்பைத் திறந்துகொண்டிருந்தாள். பேனா எடுத்தாள், எழுதினாள், முழங்கை அசைந்தது, மெஹருன்னிசா உதட்டுக்குள் எண்ணினாள். கோப்பு மூடியது. “நேத்தும் இப்படித்தான் மூடுனா” என்றார் நாச்சிமுத்து, இன்று வேறுவிதமாக மூடியிருக்கக்கூடும் என்று அவர் உண்மையாகவே எண்ணியிருந்த குரலில். பன்னிரண்டு ஐந்துக்கு ஊசிகளை எடுத்தார்கள். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், தெய்வானை இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள், இரத்தம் எப்போதோ நின்றிருந்தது. பன்னிரண்டரைக்குக் கீழ்த்தளத்தில் ஒருங்கிணைப்பாளர் அறைக்கு எதிரே இருந்த நாற்காலியில் போய் அமர்ந்தாள். அவர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து, வந்துவிட்டார்களா என்று கையால் கேட்டார். வழியில் இருக்கிறார்கள் என்று அவளும் கையாலேயே சொன்னாள். பொய் சொன்னது அவளுக்கே புதிதாக இருந்தது. சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து, சற்றே நம்பவும் செய்தாள்.

பின்னர் உறுதிப்பட்டவை இவை. பகல் ஒன்று ஐந்துக்கு ஒருங்கிணைப்பாளர் கோப்பை மூடினார்; காரணம் எழுதும் கட்டத்தில் ‘கொடையாளர் வரவில்லை’ என்று இருக்கிறது, ‘மறுத்தார்’ என்று எங்கும் இல்லை.

தொடரின் நிறைவுக் காட்சியைத் திரும்ப எடுக்கக் கேட்டு ஓர் இலட்சத்து எண்பதாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். நாச்சிமுத்துவுக்காக மெஹருன்னிசா இட்டதும் அதில் அடக்கம். மூன்று மாதம் கழித்து இயக்குநர் ஒரு பேட்டியில், கொலையாளி யார் என்று கதை எழுதியவர்கள் ஒருபோதும் முடிவு செய்திருக்கவில்லை என்றும், நடிகை அன்று தாளில் கிறுக்கியது தம் வீட்டுக்கு வாங்க வேண்டிய மளிகைப் பட்டியல் என்றும் கூறினார். பேட்டி வந்தபோது நாச்சிமுத்து உயிரோடு இல்லை.

தெய்வானையின் பெயர் இறந்தோரிடமிருந்து உறுப்புப் பெறுவோர் பட்டியலில் சேர்க்கப்பட்டது, பட்டியல் நகர்ந்தது, அவள் முறை வரவில்லை.

மருத்துவர் கதை திங்கட்கிழமை தொடங்கியது. பூங்கொடி எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு அழைத்தாள். அன்று முதல் ஒரு நாளும் தவறவில்லை.

தண்டபாணி நாற்பது நாள் கழித்து அக்காவைப் பார்க்க வந்தான். தனக்கும் இரத்த அழுத்தம் கூடியிருப்பதாகச் சொன்னான். சோதித்த சீட்டையும் காட்டினான். உப்பைக் குறைத்துக்கொள் என்றாள் அவள்.

இரண்டாம் ஆண்டு பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை, தெய்வானை இறந்தாள். கொள்ளி வைத்தவன் தண்டபாணி. அக்காவின்மேல் உயிரையே வைத்திருந்தவன் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மறுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.